தோப்பியும் நல்லடையும்: பண்டைத் தமிழரின் நெற்கள் வடிப்பும் காவிரிப் படுகையின் பதிவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

கள் என்றதும் பனையையும் தென்னையையும் நினைப்பது இன்றைய வழக்கு. பத்துப்பாட்டோ அரிசியைக் கொண்டு குடியிருப்பில் வடிக்கப்பட்ட கள்ளின் செய்முறையைப் படிப்படியாகத் தருகிறது. அச்செய்முறையில் வரும் ‘நல்லடை’ என்னும் சொல்லின் பொருளை ஆராய்வதும், நெல் மிகுந்த காவிரிப் படுகையின் எழுத்துப் பதிவுகளில் மரக்கள்ளே மேலோங்கி நிற்பதன் காரணத்தை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: தோப்பி, நல்லடை, நெல்முளை, பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை, மரவரி.

முன்னுரை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பத்துப்பாட்டில் இரு பாட்டுகளைப் பாடியவர். 301 அடிகளைக் கொண்ட பட்டினப்பாலை, காவிரி கடலொடு கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது. 500 அடிகளைக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் நாட்டைப் பாடுகிறது. இரு பாட்டுகளிலும் மீன்பிடிக் குடியினரின் கள் இடம்பெறுகிறது. பட்டினப்பாலையில் கடலுக்குச் செல்லாத நாளில் பரதவர் பருகுவது பனங்கள். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் பாணன் பெறுவது அரிசிக்கள். நெல்வளத்திற்குப் பெயர்பெற்ற சோழநாட்டைப் பாடும்போது மரக்கள்ளையும், தொண்டைநாட்டைப் பாடும்போது அரிசிக்கள்ளையும் ஒரே புலவர் குறித்திருப்பது ஆராயத்தக்கது.

செய்முறை

பெரும்பாணாற்றுப்படை தரும் செய்முறையைப் பின்வருமாறு தொகுக்கலாம். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அதனை வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். ஆறிய களியில் நல்லடையைக் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் முற்றிய கள்ளை அரித்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். சுட்ட மீனொடு அது விருந்தினர்க்கு அளிக்கப்படுகிறது.

இவ்வரிசை வேதியியல் நோக்கிலும் பொருந்துகிறது. அரிசியின் மாவுப்பொருளை நொதி உயிரிகள் நேராக உண்ண இயலாது. முதலில் அது சர்க்கரையாக மாறவேண்டும். அம்மாற்றம் எளிதில் நிகழ அரிசி வெந்து குழைய வேண்டும். ஆயினும், மாவைச் சர்க்கரையாக்கும் நொதிப்பொருள் மிகு சூட்டில் அழியும். எனவே களியை ஆற்றிய பின்னரே நல்லடையைச் சேர்த்தல் இன்றியமையாதது. தீட்டாத அரிசியில் எஞ்சும் தவிடு நொதி உயிரிகளுக்கு ஊட்டமாகிறது. பனங்கள்ளில் சர்க்கரை இயல்பாகவே இருப்பதால் அது இறக்கிய சில மணி நேரத்திலேயே நொதித்துவிடும். தானியக்கள்ளுக்கோ அடுப்பும் அளவறிவும் காத்திருப்பும் வேண்டும்.

நல்லடை: முளையா, பூஞ்சணக் கட்டியா?

அரிசிக்கள் வடிக்க உலகில் இரு பெருவழிகள் உண்டு. ஒன்று, தானியத்தை முளைக்கவைத்து அம்முளையின் நொதிப்பொருளால் மாவைச் சர்க்கரையாக்குவது. பண்டை எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் வாற்கோதுமையைக் கொண்டு கையாளப்பட்ட வழி இது. மற்றொன்று, பூஞ்சணத்தைப் பயன்படுத்துவது. ஜப்பானியர் சாகேக்குக் கோஜியைப் பயன்படுத்துவதும், வடகிழக்கு இந்தியாவில் அரிசி மாவையும் மூலிகைகளையும் பிசைந்து உலர்த்திய வில்லைகளைச் சேர்ப்பதும் இவ்வழியைச் சார்ந்தவை.

நச்சினார்க்கினியர் நல்லடையை முளை எனக் கொண்டு உரைக்கிறார். பாட்டோ அதன் புறத்தோற்றத்தைப் பாம்புறையும் புற்றிலுள்ள குரும்பிக்கு ஒப்பிடுகிறது. குரும்பி என்பது கறையான் புற்றினுள் பூஞ்சணம் வளரும், துளைகள் நிறைந்த, கடற்பஞ்சு போன்ற கூடு. இவ்வுவமையையும், தட்டையான பண்டத்தைக் குறிக்கும் ‘அடை’ என்னும் சொல்லையும் இணைத்து நோக்கினால், நல்லடை பூஞ்சணம் பூத்த மாவுக்கட்டியோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

எனினும் உரையாசிரியரின் பொருளே வலுவுடையது. நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி வைக்கோலால் மூடி முளைகட்டும் முறையைக் காவிரிப் படுகையின் உழவர் நன்கறிவர். அவ்வாறு கட்டிய நெல்லைக் காலங்கடந்து பிரித்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, இடையிடையே துளைகளுடன் அடைபோல் திரண்டிருக்கும். குரும்பி உவமை அத்திரளுக்கும் முற்றும் பொருந்தும். ஈரமுளையில் பூஞ்சணம் படர்வதும் எளிது. ஆதலால் நடைமுறையில் இரு வழிகளும் கலந்தே செயற்பட்டிருக்கலாம். வாற்கோதுமை முளையைவிட நெல்முளையின் மாவுப்பகு ஆற்றல் குறைவு என்பதும் இக்கருத்துக்குத் துணைசெய்கிறது. கள்வடிப்புக்கெனத் தனித் தொழில்நுட்பம் தேவைப்படவில்லை; உழவின் தொடக்கப் பணியே வடிப்பின் தொடக்கப் பணியாகவும் அமைந்தது என்பது இதனால் பெறப்படும்.

தோப்பியும் வடித்தோரும்

பெரும்பாணாற்றுப்படை பிறிதோரிடத்தில், இல்லத்தில் சமைத்த தோப்பியைக் குறிக்கிறது. அதனை நெல்லாற் செய்த கள் என்பார் நச்சினார்க்கினியர். அகநானூற்றின் 35ஆம் பாடலில் தோப்பி நடுகல்லுக்குப் படைக்கப்படுகிறது. ஆனால் 348ஆம் பாடலில் மாங்கனியும் பலாச்சுளையும் தேனும் கலந்து மூங்கிற் குழாயில் முதிர்ந்த குறவரின் கள்ளும் தோப்பி எனப்படுகிறது. ஆகவே தோப்பி என்னும் சொல்லை எவ்விடத்தும் நெற்கள் என்று கொள்ளுதல் பொருந்தாது. மரத்திலிருந்து இறக்காமல், கலத்தில் கூட்டி முதிரவைத்த கள் என்பதே எல்லா இடங்களையும் தழுவும் பொருளாகும். மூலப்பொருள் நிலத்திற்கேற்ப மாறியது.

வடித்தோர் யாவர் என்பதற்கும் சான்றுண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினத்தில் கள் சமைப்போர் மகளிர். அவர்கள் கலங்கழுவிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் ஆடும் அளவுக்கு அத்தொழில் இடையறாது நடந்துள்ளது. அப்பன்றிகளுள் ஏற்றை நெல்மாவு ஊட்டி வளர்க்கப்பட்டது.

மரமும் மனையும்: பதிவுகளின் சாய்வு

காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் மீன்நெய்யும் நறவும் பண்டமாற்றுப் பொருள்களாகின்றன. அகநானூற்றின் 61ஆம் பாடலில் நெல்லே கள்ளின் விலையாகிறது. நெல் கள்ளின் மூலப்பொருளாகவும் விலையாகவும் நின்ற நிலையில், படுகையின் உழவர்க்கு ஒரு தேர்வு இருந்தது. நெல்லைக் கள்ளாக்கினால் உணவும் விதையும் கூலியும் குறையும். பனங்கள்ளோ நெல்லைத் தொடாது. நெல்லே வரியாகவும் ஊதியமாகவும் அளக்கப்பட்ட நாட்டில் மரக்கள் முந்தியதற்கு இது ஒரு காரணமாகலாம்.

மற்றொரு காரணம் ஆட்சிப் பதிவுகளின் இயல்பு. பல்லவர் செப்பேடுகள் ஈழம்பூட்சி என்னும் வரியைக் குறிக்கின்றன. தானமளித்த ஊர்களில் தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது எனச் சோழர் செப்பேடுகள் சில விதிக்கின்றன. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் காலத்தில் மரங்களுக்கு எண்ணிட்டு மரவரி தண்டப்பட்டது. ஆட்சிகள் மாறினும் வரி விதிப்போரின் நோக்கு மரத்தின்மீதே நிலைத்தது. மரம் வெட்டவெளியில் நிற்பது; எண்ணத்தக்கது. மனையின் உட்புறத்தில் இரு நாளில் வடித்துத் தீர்ந்துவிடும் சாடிக்குக் கணக்கில்லை. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, மரக்கள்ளையும் மனைக்கள்ளையும் ஒருசேரக் குற்றமாக்கியது. வடசென்னை மீனவர் பகுதிகளில் அறியப்படும் சுண்டக்கஞ்சி, சோற்றை நொதிக்கவைக்கும் கள்வழக்கு முற்றும் மறையவில்லை என்பதைக் காட்டுகிறது. அதனைச் சங்ககால அரியலின் நேர்த்தொடர்ச்சி எனக் கொள்ள இடையிலுள்ள நூற்றாண்டுகளின் சான்று வேண்டும்.

முடிவுரை

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தபோது அவர் பணியாற்றியது காவிரிக்கரையிலுள்ள கும்பகோணம் கல்லூரியில். நெல்முளை கட்டும் ஊர்கள் சூழ்ந்த அவ்விடத்திலிருந்து வெளிவந்த பதிப்பே நெற்கள்ளின் செய்முறையை இக்காலத்திற்கு மீட்டளித்தது. செப்பேடும் வரிக்கணக்கும் மரமேறிய ஆடவரின் தொழிலைப் பதிந்தன. அடுப்பருகே களி துழாவி முளை கலந்த மகளிரின் தொழிலைப் பாட்டு மட்டுமே காத்தது. ஆகவே தமிழகக் கள்வரலாற்றை வரி ஆவணங்களைக் கொண்டு மட்டும் எழுதினால், அதன் ஒரு பாதியே எழுதப்பட்டதாகும். சங்கப் பாடல்களில் கள், நறவு, அரியல், தோப்பி, தேறல் எனவரும் இடந்தோறும் மூலப்பொருளையும் வடித்தோரையும் தனித்தனியே வரையறுப்பது, அம்மறுபாதியை எழுதுவதற்கான முதற்பணியாகும்.