அணிநடை வாத்தியக் குழுக்கள்: கைதட்டலுக்குப் பின்னால் பொறுப்பேற்பது யார்?

பள்ளி விளையாட்டு விழாவில் பேண்ட் குழு முழங்கிக்கொண்டு திடலுக்குள் நுழையும்போது எழுந்து நின்று கைதட்டாத பெற்றோர் குறைவு. பிள்ளை முரசு அடிக்கிறான், மகள் கொடி வீசுகிறாள் என்றால் பெருமை இரட்டிப்பாகும். அந்த ஐந்து நிமிடக் காட்சிக்குப் பின்னால் பல மாதப் பயிற்சி இருக்கிறது. வெயிலில் நிற்பது, மாலை தாமதமாக வீடு திரும்புவது, போட்டிக்கு வெளியூர் போய்த் தங்குவது எல்லாம் அதில் அடக்கம். அந்த நேரம் முழுவதும் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு?

இந்தக் கேள்விகளை அலட்சியம் செய்ததற்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்திருக்கிறது. அணிநடை வாத்தியம் அங்கே ஒரு பெரும் போட்டிக் கலை. அங்கே நடந்ததை அறிந்துகொள்வது நமக்கும் பயன்படும்.

டிரம் கோர் என்றால் என்ன?

பித்தளை ஊது கருவிகள், முரசுகள், கொடி வீசுவோர் ஆகிய மூன்று பிரிவினரும் சேர்ந்து, காற்பந்துத் திடல் அளவிலான இடத்தில் நடந்தபடியே இசைத்துக் காட்டும் குழுதான் டிரம் கோர். ஒரு பெரிய குழுவில் சுமார் 150 இளையோர் இருப்பார்கள். பெரும்பாலோர் 16 முதல் 22 வயதுக்குள் இருப்பவர்கள்.

இக்குழுக்களுக்கான போட்டிகளை நடத்தும் தலைமை அமைப்பு டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல். சுருக்கமாக டிசிஐ என்பார்கள். அதன் முதல் வெற்றியாளர் போட்டி 1972-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் வொயிட்வாட்டர் நகரில் நடந்தது. 2009 முதல் இறுதிச் சுற்றுகள் இண்டியானாபோலிஸ் நகரின் லூக்கஸ் ஆயில் அரங்கை மையமாகக் கொண்டு நடந்து வருகின்றன. நடுவர்கள் 100-க்குப் புள்ளி போடுகிறார்கள். முழுக் காட்சி தரும் தாக்கத்துக்கு 40, இசைக்கு 30, நடைக்கும் அசைவுக்கும் 30 என்பது கணக்கு.

கோடை விடுமுறையில் உறுப்பினர்கள் பேருந்தில் ஊர் ஊராகப் போகிறார்கள். இரவில் பயணம், பள்ளி விளையாட்டுக் கூடத்தின் தரையில் உறக்கம், பகலில் பத்து மணி நேரத்துக்கும் மேலாகப் பயிற்சி என்று வாரக்கணக்கில் போகும். இதற்குச் சம்பளம் கிடையாது. உறுப்பினரே பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்தித்தான் சேர வேண்டும்.

அப்படியும் இடம் கிடைப்பது எளிதல்ல. தேர்வுச் சுற்றில் பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். 22 வயதுக்கு மேல் வாய்ப்பும் இல்லை. எனவே, தேர்வாகும் ஒவ்வோர் இளையோருக்கும் அந்தக் கோடைகாலம் வாழ்நாள் கனவு. பயிற்றுநரின் ஒரு சொல் அந்தக் கனவை முடித்துவிடும். அதிகாரம் எங்கே குவிகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

யாருடைய கண்காணிப்பிலும் இல்லாத இடம்

பள்ளியில் ஓர் ஆசிரியர் தவறு செய்தால் தலைமையாசிரியர், கல்வி இலாகா என்று மேலே ஆட்கள் இருக்கிறார்கள். டிரம் கோர் குழுக்கள் பள்ளியைச் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி இலாப நோக்கற்ற சங்கம். அதற்கென ஒரு நிர்வாக வாரியம் இருக்கும். பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்களும் நன்கொடையாளர்களும் அதில் அமர்ந்திருப்பார்கள். இயக்குநரை மேற்பார்வையிட வேண்டிய வாரியம், அவரைப் பார்த்து வளர்ந்தவர்களால் நிரம்பியிருந்தால் கேள்வி எழுவது கடினம்.

தலைமை அமைப்பான டிசிஐயிலும் இதே சிக்கல் உண்டு. அதை உருவாக்கியவர்கள் குழு இயக்குநர்களே. உறுப்பினர் குழுக்களே அதில் வாக்களிக்கின்றன. போட்டி அட்டவணை, புள்ளி விதி போன்றவற்றுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் ஒரு குழுவின் இயக்குநர் மீதே புகார் வந்தால், அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து பழகியவர்கள்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஒலிம்பிக் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, பாலியல் அத்துமீறல் புகார்களை விசாரிக்க சேஃப்ஸ்போர்ட் மையம் என்ற தனி அமைப்பு 2017-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அணிநடை வாத்தியம் ஒலிம்பிக் விளையாட்டு அல்ல என்பதால் அந்த மையத்தின் வரம்பிற்குள் வருவதில்லை. பள்ளி நிர்வாகமும் இல்லை, விளையாட்டு மையமும் இல்லை என்ற இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான இளையோர் ஒவ்வொரு கோடையிலும் பயணம் செய்து வந்தனர்.

90 ஆண்டுக் குழு மறைந்த கதை

நியூ ஜெர்சி மாநிலத்தின் கார்ஃபீல்ட் நகரில் ஒரு தேவாலயத்தின் ஆதரவில் 1934-இல் தொடங்கப்பட்டது கேடட்ஸ் குழு. டிசிஐ வெற்றியாளர் பட்டத்தைப் பத்து முறை வென்றது. 1983, 1984, 1985 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற முதல் குழுவும் அதுவே. இந்தப் புகழின் பெரும்பகுதி, 1980களின் தொடக்கத்திலிருந்து குழுவை வழிநடத்திய இயக்குநர் ஜார்ஜ் ஹாப்கின்ஸ் காலத்தில் வந்தது. குழுவை நடத்திய தாய் அமைப்பின் தலைமைப் பொறுப்பும் அவரிடமே இருந்தது.

2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா இன்குவைரர் நாளிதழ் ஒரு விசாரணைச் செய்தியை வெளியிட்டது. அவர் தங்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என ஒன்பது பெண்கள் குற்றஞ்சாட்டினர். அவர்கள் சொன்ன சம்பவங்கள் சுமார் நாற்பது ஆண்டு காலத்தில் பரவிக் கிடந்தன. ஹாப்கின்ஸ் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் செய்தி வெளிவந்த அன்றே பதவி விலகினார். தாய் அமைப்பின் வாரியத்தில் இருந்தவர்களும் அடுத்து விலகினர். புதிய நிர்வாகம் வந்தது.

தாங்கள் ஏன் இத்தனை காலம் பேசவில்லை என்று இத்தகைய பெண்களைக் கேட்பவர்கள் உண்டு. பேசினால் யாரிடம் போவது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இயக்குநர் மீதான புகாரை இயக்குநரின் அலுவலகத்திடமே கொடுக்க வேண்டிய அமைப்பில் மௌனம்தான் மிஞ்சும். குழுவின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயமும் அதோடு சேரும். அந்தப் பெயர் அவர்களுக்கும் சொந்தமானது.

கேடட்ஸ் குழு நிர்வாகம் மாறி, ஊர் மாறி, மேலும் சில ஆண்டுகள் ஆடியது. ஆனால் பழைய கணக்கு தீரவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் அத்துமீறல் தொடர்பான சிவில் வழக்கு ஒன்று குழுவின் மீதும் பாய்ந்தது. வழக்குச் செலவைத் தாங்க முடியாத நிலையில், 2024 ஏப்ரலில் குழு மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு கோடையில் ஆடக் காத்திருந்த இளையோர் பலர் பிறந்திராத காலத்துச் சம்பவத்துக்காக, அவர்களுடைய குழுவே இல்லாமல் போனது. புகாரை மூடி மறைத்தால் குழுவின் பெயர் காப்பாற்றப்படும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பேருந்தில் பறிபோன உயிர்

ஆபத்து மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 'மார்ச்சிங் 100' அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரி வாத்தியக் குழுக்களில் ஒன்று. 2011 நவம்பர் 19-ஆம் நாள், ஆர்லாண்டோ நகரில் ஒரு காற்பந்தாட்டத்தில் வாசித்து முடித்த பிறகு, அதன் அணித்தலைவர்களில் ஒருவரான 26 வயது ராபர்ட் சாம்பியன், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த குழுப் பேருந்தில் சக உறுப்பினர்களால் அடிக்கப்பட்டு இறந்தார். பேருந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடிகளை வாங்கியபடி நடந்து போவது அங்கே ஒரு 'சடங்காக' இருந்தது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த விஷயம் அல்ல. 1998-லும் 2001-லும் அதே குழுவில் பகடிவதைக்கு ஆளானவர்கள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். நீதிமன்றம் வரை போன பிறகும் பழக்கம் தொடர்ந்தது.

சாம்பியனின் மரணத்துக்குப் பின் நடந்த விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. குழுவின் பட்டியலில் இருந்த நானூறுக்கும் மேற்பட்டோரில் சுமார் நூறு பேர் அந்தப் பருவத்தில் அப்பல்கலைக்கழகத்தில் மாணவர்களாகவே பதிவு பெற்றிருக்கவில்லை. பெயர்ப் பட்டியலைக்கூட யாரும் சரிபார்க்கவில்லை என்றால், பேருந்துக்குள் நடப்பதை யார் பார்த்திருப்பார்கள்?

குழு 2013 வரை இடைநிறுத்தம் செய்யப்பட்டது. 2012-இல் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். முதன்மைக் குற்றவாளி எனக் கருதப்பட்டவருக்கு 2015-இல் ஆறு ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு பல்கலைக்கழகம் பெற்றோருக்கு 11 இலட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அடித்தவர்களும் மாணவர்களே. தாங்கள் வாங்கிய அடியை அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் மரபு என்று நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டியது பெரியவர்களின் வேலையாக இருந்தது.

என்ன மாறியது?

2018-க்குப் பிறகு டிசிஐ தன் விதிகளைத் திருத்தியது. ஊழியர்களுக்குப் பின்னணிச் சோதனை, எழுத்துபூர்வமான நடத்தை நெறி, புகார் கொடுப்பவரைப் பழிவாங்காமல் பாதுகாக்கும் ஏற்பாடு, பெயர் சொல்லாமல் தகவல் தரும் வழி ஆகியவை வலியுறுத்தப்பட்டன.

இவை தேவையானவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பின்னணிச் சோதனை, ஏற்கெனவே தண்டனை பெற்றவரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். இதுவரை யாரும் புகார் செய்யாத ஒருவர் அதில் சுத்தமாகத் தேறிவிடுவார். நடத்தை நெறி தாளில் இருக்கும். அதைப் பிள்ளைகளிடம் விளக்கிச் சொன்னால்தான் உயிர் பெறும். புகார் வழி இருந்தாலும், விசாரிப்பவர் இயக்குநருக்குக் கட்டுப்பட்டவராக இருந்தால் பயனில்லை. குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் விசாரிப்பதுதான் இதில் உயிர்நாடி.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்ததே. அமெரிக்காவில் இலாப நோக்கற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் வரி இலாகாவுக்குக் கொடுக்கும் '990' படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு, செலவு, உயர் பொறுப்பாளர்களின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். கணக்கைக் காட்டத் தயங்கும் அமைப்பு மற்றவற்றையும் காட்டத் தயங்கும் என்பது அனுபவப் பாடம்.

நம் பெற்றோர் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் பள்ளிக் குழுக்கள் பள்ளி நிர்வாகத்தின் கீழ் இருப்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் பயிற்சி கொடுப்பவர் பல இடங்களில் வெளியிலிருந்து அமர்த்தப்படுகிறார். பள்ளிக்கு வெளியே இயங்கும் குழுக்களும் உண்டு. எனவே, பிள்ளையைச் சேர்க்கும்போதே சில கேள்விகளைக் கேட்டு வைப்பது நல்லது.

பயிற்றுநரை அமர்த்தியது யார்? அவரைப் பற்றி விசாரித்தார்களா? குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேட்டைச் சமூக நல இலாகா வைத்திருக்கிறது. ஆள் எடுப்பவர்கள் அதில் சரிபார்க்கக் கேட்கலாம்.

பேருந்திலும் தங்குமிடத்திலும் பொறுப்பாளர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகள் போகும் பயணத்தில் பெண் பொறுப்பாளர் உண்டா? பயிற்றுநர் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, தனியாக வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது என்ற விதி இருக்கிறதா?

மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குத் 'தண்டனை' கொடுக்க அனுமதி உண்டா? வெயிலில் தண்ணீரும் ஓய்வும் எப்போது?

பயிற்றுநர் மீதே புகார் என்றால் யாரிடம் போவது? அந்தப் பெயரும் தொலைபேசி எண்ணும் பிள்ளைக்கும் தெரியுமா?

கட்டணமும் நன்கொடையும் எங்கே போகின்றன? சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற சங்கம் என்றால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர் அதைக் கேட்பது உரிமை; அவமரியாதை அல்ல.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் (சட்டம் 792), 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் பராமரிப்பிலோ அதிகாரத்திலோ வைத்திருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் அச்சட்டப்படி குற்றமே. 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குவதற்கு இதில் இடமில்லை. உதவிக்கு தாலியான் காசே 15999 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். சிங்கப்பூரில் 1800-777-0000 என்ற எண் உள்ளது.

நல்ல பயிற்றுநர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் தயாராக வைத்திருப்பார். இந்த ஆண்டு குழுவில் பெயர் கொடுக்கும் படிவம் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பள்ளிக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள்.