அக்குளைக் குறைவாகக் கலைக்கும் அறுவை: திருவனந்தபுரத்தை முன்வைத்து

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் வருத்தும் தொல்லைகளுள் பெரும்பாலானவை, அதாவது நிணநீர் தேங்கிக் கை வீங்குதல், மேல்கையின் உட்புறம் மரத்துப்போதல், தோள் இறுகுதல் ஆகியவை, அக்குளில் செய்த வேலையின் விளைவுகளே. ஆதலால் பின்விளைவைக் குறைக்கும் நுட்பங்களை எடைபோடும்போது, தையல், கருவி ஆகியவற்றுக்கு முன்னதாக, அக்குளை எந்த அளவுக்குக் கலைக்காமல் விடலாம் என்ற கேள்வியை வைப்பதே பொருத்தமாகும்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில், 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கேரளப் பெண்களுடன் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தவரும் வருகின்றனர். ஊர் திரும்பியபின் கை வீங்கத் தொடங்கினால், பக்கத்தில் வசிப்பவர் மறுநாளே காட்டிவிடலாம். ரயிலேறி வரவேண்டியவர் அடுத்த தவணை வரை பொறுத்திருப்பார். ஆகவே அவருக்கு வீக்கம் வராமலே காப்பது இன்னும் முக்கியம்.

நெறிக்கட்டிகள் எனப் பேச்சுவழக்கில் வழங்கும் நிணநீர்க் கணுக்களை அக்குளிலிருந்து முழுவதும் அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது என்றும், காவல் கணுவை, அதாவது கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் கணுவை, மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இது 5.6 விழுக்காடே என்றும் 2013இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. ஒன்றிரண்டு காவல் கணுக்களில் நோய் இருந்தும், மார்பகம் காக்கும் அறுவையும் கதிர்சிகிச்சையும் பெற்ற 891 பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சோதனையில், எஞ்சிய கணுக்களை விட்டுவைத்தவர்களின் பத்தாண்டு உயிர்வாழ்வு, முழுவதும் அகற்றப்பட்டவர்களுடையதைவிடக் குறையவில்லை.

காவல் கணுவைக் கண்டறியக் கதிரியக்க மருந்தும் அதை உணரும் கருவியும் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. விலை மலிந்த மெத்திலீன் நீலச் சாயம் அக்குறையைப் பெரிதும் நிரப்புகிறது. ஆனால் அதைத் தோலின் மேலடுக்கிலேயே செலுத்திவிட்டால் அவ்விடம் கருகிப் புண்ணாகலாம் என்பதால், ஆழத்தில், நீர்த்த நிலையில் செலுத்துவது நலம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் ஆராய்ந்த கீழ் அக்குள் மாதிரியெடுப்பு இன்னும் எளியது: விலா இடைவெளியிலிருந்து வெளிப்பட்டு அக்குளின் குறுக்கே மேல்கைக்குச் செல்லும் உணர்வு நரம்பை எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழுள்ள கொழுப்பையும் கணுக்களையும் மட்டும் எடுப்பது அது. வெண்ணூல் போன்ற இந்நரம்பை அறுத்தால் மேல்கையின் உட்புறம் உணர்விழக்கும். அதையே எல்லைக்கோடாகக் கொள்ளும் அறுவையாளர், அதை முதலில் தேடிக் கண்டாக வேண்டும் என்பதில்தான் இம்முறையின் சாதுரியம் இருக்கிறது.

மார்பகம் முழுவதையும் அகற்றும்போது தோலுக்கும் மார்புத் தசைக்கும் இடையே உண்டாகும் வெற்றிடத்தில் நிணநீர் கோத்துக்கொள்வது மற்றொரு தொல்லை. ட்ரெயின் எனப்படும் குழாயின் நுனியிலுள்ள குப்பியை அமுக்கி மூடி உறிஞ்சவிட்டு, சேர்ந்த நீரை நாள்தோறும் அளந்து வீட்டார் நோட்டில் குறித்துவர, 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் குழாயை எடுப்பது பரவலான வழக்கம். மெத்தை தைப்பதுபோல் இடைவெளி விட்டுத் தோல்மடலைத் தசையோடு, தானே கரையும் நூலால், பிணைத்துவிட்டால் அந்த வெற்றிடமே இல்லாது போகிறது; தோல் சில வாரங்கள் குழிகுழியாகத் தெரிவதும் அறுவையில் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆவதும் இதற்குத் தரும் விலை. குழாயோடு ஊர் திரும்புவோர் மிகுந்த ஒரு மையத்தில் அவ்விலை மிகச் சொற்பம்.

அக்குளைக் குறைவாகக் கலைக்கும் முறைகள் அனைத்தும் நோய் எந்தக் கட்டத்தில் கண்டறியப்படுகிறது என்பதைச் சார்ந்தவை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006இல் தொடங்கி, பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் மார்பகத்தைக் கையால் சோதித்த ஆய்வில், 30 முதல் 69 வயது வரையான 1,15,652 பெண்கள் சேர்க்கப்பட்டனர். சோதிக்கப்பட்ட பகுதிகளில் தொடக்கநிலை நோய் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாகக் கண்டறியப்பட்டதென 2011இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. அது இறப்பைப் பற்றிய முடிவு அன்று. ஆயினும் அக்குளில் கணுக்கள் தடிக்குமுன் வந்த பெண்ணுக்கே நீலச்சாயமும் கீழ் அக்குள் மாதிரியெடுப்பும் பயன்படும். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் வருபவருக்குப் பெரும்பாலும் அக்குளை முழுவதும் அகற்றுவதைத் தவிர்க்க இயலாது.