தகப்பன் குறித்த வியாழக்கிழமை

ரோமியோ ஜூலியட்டைப் பற்றி நம்மிடையே பேசப்படுவதெல்லாம் இரண்டு குடும்பங்களின் பகையோடு நின்றுவிடுகிறது. நாடகத்தின் முகவுரையே அப்படிச் சொல்லிவிடுவதால் இது சௌகரியமான வியாக்கியானம். எனக்கு இது போதவில்லை. ஜூலியட்டை மயக்க மருந்துவரை தள்ளிக்கொண்டு போவது பகையல்ல. அவள் தகப்பன் காப்யுலெட் கல்யாணத்துக்கென்று குறித்த ஒரு வியாழக்கிழமை.

முதல் அங்கத்தில் இதே காப்யுலெட், பெண் கேட்டு வரும் பாரிஸிடம், அவளுக்கு 14 வயது நிரம்பவில்லை, அவள் மனத்தை ஜெயித்துக்கொள், என் சம்மதம் அவள் விருப்பத்தில் ஒரு பகுதிதான் என்கிறார். மூன்றாம் அங்கத்தில், மறுத்தால் தெருவில் பிச்சையெடுத்துச் சாகட்டும், என் சொத்தில் அவளுக்கு ஒன்றுமில்லை என்கிறார். இது பாத்திர முரண்பாடாக எனக்குப் படவில்லை. பெண்ணின் விருப்பம் தகப்பனின் தேர்வோடு ஒத்துப்போகும்வரை அவர் தாராளமானவர். தாராளமும் அதிகாரத்தின் ஒரு முகமே.

இங்கே சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியர் கால இங்கிலாந்தில், ஒருவரையொருவர் இப்போதே ஏற்கிறோம் என்று இருவர் சொல்லிக்கொண்டால் திருச்சபைச் சட்டப்படி அது திருமணம்தான். பெற்றோர் சம்மதமில்லை என்பதற்காக அது செல்லாமற் போகாது. 1753-ல் ஹார்ட்விக் சட்டம் வந்த பிறகே இந்த நிலை மாறியது. கவிஞர் ஜான் டன் 1601-ல் ஆன் மோரை ரகசியமாக மணந்தார். அவள் தகப்பனால் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பறிக்க முடிந்தது, சிறைக்கு அனுப்ப முடிந்தது. கல்யாணத்தை ரத்துசெய்ய முடியவில்லை. ஆக, தகப்பனின் பிடி தாலிக்கயிற்றில் இல்லை, சோற்றிலும் கூரையிலும் இருந்தது. காப்யுலெட் மிரட்டுவதும் இவற்றைக் காட்டித்தான்.

ஜூலியட்டின் வயதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஷேக்ஸ்பியருக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் 1562-ஆம் வருஷக் காவியத்தில் அவள் 16-ஐ எட்டுகிறவள். ஷேக்ஸ்பியர் 13 ஆக்கினார். பீட்டர் லாஸ்லெட்டின் ஆராய்ச்சிப்படி, அந்நாளைய ஆங்கிலப் பெண்கள் சராசரியாக 24 வயதை ஒட்டித்தான் மணந்தார்கள். லண்டன் பார்வையாளனுக்கு 13 வயது மணப்பெண் பழக்கப்பட்டவளல்ல. வேறு கூரையைத் தேடிக்கொள்ள முடியாத வயது அது என்பதே அந்த மாற்றத்தின் பயன் என்று நினைக்கிறேன்.

'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' இதன் மறுபக்கம். அங்கே தகப்பன் ஈஜியஸ், தன் சொல் கேளாத மகளைக் கொல்லும் உரிமையைச் சட்டத்திடமே கேட்கிறான். அரசன் நாலாம் அங்கத்தில் அவனை மீறித் தீர்ப்பளிக்கிறான். அதற்குப் பிறகு? 1600-ஆம் வருஷக் குவார்ட்டோவில் கல்யாண விருந்தில் அவன் இல்லை. 1623-ன் ஃபோலியோவிலோ, விழா அதிகாரியின் வசனங்களில் பெரும்பகுதி அவனுக்குத் தரப்பட்டு விருந்தில் நிற்கிறான். தோற்ற தகப்பன் சமாதானமானானா, ஒதுங்கிப் போனானா என்பதை இரண்டு பிரதிகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

காப்யுலெட்டுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பகல் முழுக்கப் பத்திரங்களோடு புழங்குகிறவன் என்பதாலோ என்னவோ, கடைசிக் காட்சியில் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் உறுத்துகிறது. சம்பந்தியின் கையைப் பற்றியபடி, இதுவே என் மகளின் ஜாய்ஞ்சர் என்கிறார் அவர். மருமகள் விதவையானால் அவள் ஜீவனத்துக்கென்று பிள்ளை வீட்டார் எழுதிவைக்கும் சொத்துக்குப் பெயர் அது. பிறகு தங்கச் சிலைகள் வைப்பதில் இரண்டு தகப்பன்களுக்கும் போட்டி. பிணங்கள் அருகில் கிடக்க, கல்யாணப் பேச்சு ஒழுங்காக முடிகிறது.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.