பிப்ரவரி 28

பிப்ரவரி 28, கிரெகோரியன் நாட்காட்டியில் ஆண்டின் 59ஆம் நாள். இதன்பின் சாதாரண ஆண்டில் 306 நாள்களும் லீப் ஆண்டில் 307 நாள்களும் எஞ்சும். தமிழ் நாட்காட்டியில் மாசி மாத நடுவில் வரும். இயற்பியலிலும் உயிரியலிலும் இரு பெருங்கண்டுபிடிப்புகள் 25 ஆண்டு இடைவெளியில் இதே தேதியில் நிகழ்ந்ததால், அறிவியல் வரலாற்றில் இந்நாளுக்குத் தனியிடம் உண்டு.

நிகழ்வுகள்

1922 – எகிப்து மீதான தன் பாதுகாப்பாட்சி முடிவுற்றதாக பிரிட்டன் அறிவித்தது.

1928 – திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமன் விளைவைக் கண்டறிந்தார். ஒளி ஒரு பொருளின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அதன் சிறுபகுதி அலைநீளம் மாறி வெளிப்படுகிறது என்பதே இவ்விளைவு. ஆய்வில் கே. எஸ். கிருஷ்ணன் துணைநின்றார். 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1947 – தைவானில் அரசுக்கு எதிரான கிளர்ச்சி தலைநகர் தைபேயில் வெடித்தது. அதை ஒடுக்கியதில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1953 – ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் கேம்பிரிட்ஜில் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தனர். ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம் அதற்கு முக்கியச் சான்றாயிற்று.

2013 – திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகினார். 1415க்குப் பின் திருத்தந்தை ஒருவர் விலகியது இதுவே முதல்முறை.

பிறப்புகள்

1533 – மிஷெல் தெ மொந்தேன், பிரெஞ்சுக் கட்டுரையாளர்.

1901 – லைனஸ் பாலிங், அமெரிக்க வேதியியலாளர். பிறருடன் பகிராமல் இரு நோபல் பரிசுகள் (வேதியியல் 1954, அமைதி 1962) பெற்ற ஒரே மனிதர். டி.என்.ஏ.வுக்கு இவர் முன்வைத்த முச்சுருள் மாதிரி தவறாயிற்று. சரியான வடிவம் வேறிருவருக்குப் புலப்பட்டது இவருடைய 52ஆம் பிறந்தநாளில்.

1915 – பீட்டர் மெடாவர், உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடித்தளமிட்ட பிரிட்டிஷ் உயிரியலாளர்.

1930 – லியான் கூப்பர், மின்தடையற்ற கடத்தலை விளக்கிய கோட்பாட்டுக்காக 1972இல் நோபல் பரிசைப் பகிர்ந்த இயற்பியலாளர்.

1948 – ஸ்டீவன் சூ, லேசரால் அணுக்களைக் குளிர்விக்கும் முறைக்காக 1997இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்.

1953 – பால் குரூக்மன், 2008இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்.

இறப்புகள்

1936 – கமலா நேரு, விடுதலைப் போராட்ட வீரர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில்.

1963 – ராஜேந்திர பிரசாத், இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவர்.

1986 – ஓலோஃப் பால்மே, சுவீடன் பிரதமர். மெய்க்காவலரின்றித் திரையரங்கிலிருந்து மனைவியுடன் நடந்து திரும்புகையில் ஸ்டாக்ஹோமில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2018 – ஜெயேந்திர சரஸ்வதி, காஞ்சி சங்கர மடத்தின் 69ஆம் பீடாதிபதி.

சிறப்பு நாள்

ராமன் விளைவின் நினைவாக, இந்தியாவில் 1987 முதல் ஆண்டுதோறும் இந்நாள் தேசிய அறிவியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.