அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டமும் மேற்சட்டை இலக்கமும்



விளையாட்டு வீரனொருவனின் முதுகிலே தைக்கப்பட்ட இலக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டா என நீங்கள் வினவக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி உதைபந்தாட்டத்தை எடுத்துக்கொண்டால், உண்டு என்றே விடை கூறவேண்டும். அங்கே ஓரணியில் இருவர் ஒரே இலக்கத்தை அணிந்திருப்பதைக் காணலாம். அதே கல்லூரி வேறோர் இலக்கத்தை எவருக்கும் கொடாது பூட்டிவைத்திருப்பதையும் காணலாம். ஓரிலக்கம் இருவருக்குப் பொதுவாகவும், மற்றோர் இலக்கம் ஒருவருக்கே உரியதாகவும் எவ்வாறு ஆயின என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது நாம் அறிந்த ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியை உடலால் மோதித் தடுத்தும் ஆடப்படுவது அது. கல்லூரிகளுக்கிடையிலான முதலாட்டம் 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜேர்சி மாநிலத்திலே றட்கேர்ஸ், பிறின்ஸ்ரன் ஆகிய இரு கல்லூரிகளுக்குமிடையே நடைபெற்றது. பக்கத்துக்கு 25 பேர் ஆடினர். றட்கேர்ஸ் 6க்கு 4 என்ற கணக்கில் வென்றது. அன்று எவர் முதுகிலும் இலக்கம் இருக்கவில்லை. வேண்டியதும் இல்லை. ஆடியவரும் பார்த்தவரும் பெரும்பாலும் ஒரே வளவில் வாழ்ந்த மாணாக்கர். ஒருவரையொருவர் முகத்தாலும் நடையாலும் அறிவர்.

1880ஆம் ஆண்டில், யேல் கல்லூரியைச் சேர்ந்த வோல்ற்றர் காம்ப் என்பாரின் முயற்சியால் அணிக்கு 11 பேர் என்ற வரையறை ஏற்பட்டது. ஆட்டத்தின் புகழ் வளர வளர, ஆட்டக்காரரை முன்பின் அறியாத பல்லாயிரவர் மைதானங்களை நிறைத்தனர். சேறு படிந்த ஒரே நிறச் சட்டைகளின் குவியலிலே பந்தைக் கொண்டு ஓடியவர் யார், தடுத்தவர் யார் என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை.

உடை எத்துணை எளிதில் கண்ணை ஏமாற்றும் என்பதற்கு 1903ஆம் ஆண்டு ஆட்டமொன்று சான்று. அமெரிக்கப் பழங்குடி மாணாக்கர் பயின்ற கார்லைல் பாடசாலை, ஹார்வார்ட் அணியை எதிர்த்து ஆடியது. உதைத்து அனுப்பப்பட்ட பந்தைப் பிடித்த கார்லைல் வீரர்கள் நெருங்கிக் கூடிநின்று, தம்முள் ஒருவரின் சட்டையின் பின்புறத்தே அதனைச் செருகிவிட்டுக் கலைந்தோடினர். பந்து எங்கே என்று ஹார்வார்ட் அணியினர் தேடிக்கொண்டிருக்க, அதனை முதுகிலே சுமந்தவர் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டார். முடிவில் ஹார்வார்ட் 12க்கு 11 என வென்றதாயினும், இன்றளவும் பேசப்படுவது கார்லைல் அணியின் அத்தந்திரமே.

இலக்கமிடும் வழக்கத்தின் தொடக்கம் பற்றிப் பல உரிமைக் கோரிக்கைகள் உள. 1908ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வாஷிங்ரன் அன்ட் ஜெபர்சன் கல்லூரியை எதிர்த்தாடிய பிற்ஸ்பேர்க் சர்வகலாசாலை அணியே முதன்முதலாக இலக்கமணிந்தது எனப் பொதுவாகக் கூறுவர். அதன் நோக்கம் வீரரைச் சிறப்பித்தலன்று. பார்வையாளர் நிகழ்ச்சி நூலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன இலக்கத்தார் இன்னார் என அறிதலே. அந்நூலை விற்பதால் வருவாயும் கிட்டியது. வெளியார் பட்டியல் அச்சிட்டு விற்பதைத் தடுக்கும்பொருட்டு, இலக்கங்களை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றினர் என்றும் சொல்லப்படுகிறது. ஆகவே, இலக்கம் முதலில் ஒருவரின் உடைமையாகவன்றி, ஒருநாட் குறியாகவே தோன்றியது எனலாம்.

பயிற்சியாளர் பலர் இவ்வழக்கத்தை விரும்பவில்லை. தம் வீரர் யாவர் என்பதை எதிரணியின் ஒற்றர் எளிதில் குறித்துக்கொள்வர் என்பது ஓரச்சம். அணியின் புகழ் தனியொருவர்பாற் சென்றுவிடும் என்பது மற்றோரச்சம். ஆயினும் 1915ஆம் ஆண்டில் இலக்கமிடுதல் பரிந்துரைக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டில் மேற்சட்டையின் முன்னும் பின்னும் இலக்கம் இருத்தல் கட்டாயமாயிற்று.

பார்வையாளருக்காகப் பிறந்த இலக்கம், காலப்போக்கில் நடுவருக்கும் கருவியாயிற்று. 1906ஆம் ஆண்டு முதல் பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. எறிந்த பந்தை எல்லாரும் பிடித்தலாகாது. முன்வரிசையின் நடுவே நிற்போர் தடுப்பதற்கே உரியர். இவர்களை வேறுபடுத்திக் காட்ட, 1960களில் இலக்கத்துக்கும் பணிக்கும் கட்டாயத் தொடர்பு வகுக்கப்பட்டது. அதன்படி 50 முதல் 79 வரையான இலக்கம் அணிந்தோர், எறிந்த பந்தைப் பிடிக்கும் உரிமையற்றவர். நடுவர் முகத்தை நோக்கவேண்டியதில்லை. முதுகை நோக்கினாற் போதும்.

இனி, ஓரிலக்கத்தை இருவர் பகிர்தல் எவ்வாறு வந்தது? முற்காலத்தில் அதே 11 பேரே தாக்குதலும் தடுத்தலும் செய்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941ஆம் ஆண்டில், ஆட்டக்காரரைத் தடையின்றி மாற்றும் உரிமை அளிக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டில் அது மீண்டும் கட்டுப்படுத்தப்பட்டு, 1960களின் நடுவே திரும்பவும் நெகிழ்த்தப்பட்டது. இதனால் தாக்குதலுக்கு ஒரு படை, தடுப்புக்கு வேறொரு படை என அணி இரண்டாகப் பிரிந்து பெருகியது. ஊதியம் பெறும் தொழில்முறை அணிகள் 53 பேருடன் அமைவன; அங்கே பகிரவேண்டிய தேவையில்லை. கல்லூரி அணியோ புலமைப்பரிசில் பெற்றோரும், பரிசிலின்றித் தாமாக வந்து சேர்ந்தோருமாக நூற்றைத் தாண்டும். 2025ஆம் ஆண்டில் ஏற்பட்ட நீதிமன்ற இணக்கத்தை ஏற்ற கல்லூரிகளுக்கு 105 பேர் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 0 முதல் 99 வரை இலக்கங்கள் 100 மட்டுமே. எளிய கழித்தற் கணக்கே இலக்கப் பகிர்வை இன்றியமையாததாக்கிவிடுகின்றது.

பகிர்வு தந்திரமாகிவிடாமற் காப்பது விதியின் கடமை. ஒரே இலக்கமுடைய இருவர் ஒரே வேளையில் களத்தில் நிற்றலாகாது என்பதே அடிப்படை. ஆதலால் தாக்குபவர் ஒருவருக்கும் தடுப்பவர் ஒருவருக்கும் ஓரிலக்கத்தை அளிப்பர். ஒருவர் இறங்கும்போது மற்றவர் ஏறுவார். இடர் வருவது, இரு படையினரும் கலந்து நிற்கும் உதைதல் வேளைகளிலேதான். அப்போது பயிற்சியாளர் விழிப்பாயிராவிடின், ஓரிலக்கத்தார் இருவரும் களத்தில் நின்று அணிக்குத் தண்டம் தேடித்தருவர். 2013ஆம் ஆண்டில், ஒரே நிலையில் ஆடும் இருவர் ஓரிலக்கம் அணிதல் விலக்கப்பட்டது. ஆட்டத்தினிடையே இலக்கம் மாற்றுவோர் நடுவரிடம் அறிவித்தலும், அவர் அதனை யாவரும் அறியக் கூறுதலும் விதியாயின. 2020ஆம் ஆண்டில் ஓரிலக்கம் இருவருக்கு மேற் செல்லாதெனவும், பூச்சியமும் அணியத்தக்கதெனவும் வகுத்தனர்.

இஃதொருபுறமாக, இலக்கம் பெயராகவும் மாறியது. இல்லினோய் சர்வகலாசாலையின் றெட் கிறேஞ் என்பார், 1924ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் மிச்சிகன் அணிக்கெதிராக முதல் 12 நிமிடங்களில் நான்கு முறை எல்லைக்கோட்டைக் கடந்தார். அவரணிந்தது 77. அதனை எவ்வாறு பெற்றீர் என வினவியபோது, வரிசையில் எனக்கு முன் நின்றவர் 76ஐயும் பின் நின்றவர் 78ஐயும் பெற்றனர் என்று கூறினாராம். தற்செயலாய் வந்த அவ்விலக்கம் அவருக்குப் பின் எவருக்கும் வழங்கப்படவில்லை.

இவ்வாறு இலக்கத்தை ஓய்வளித்துப் பூட்டிவைத்தல் நடுகல் நாட்டுதலை ஒக்கும். ஆனால் வேறொரு நெறியும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்று நம் மொழி வழங்குகின்றதன்றோ? அந்நெறிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சிரக்கியூஸ் சர்வகலாசாலையின் 44. ஜிம் பிறௌண் அதனை அணிந்து 1950களின் நடுவில் ஆடினார். அவருக்குப் பின் அணிந்த ஏர்ணி டேவிஸ், 1961ஆம் ஆண்டில் கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த விருதாகிய ஹைஸ்மன் விருதைப் பெற்ற முதற் கறுப்பின வீரரானார். 1963ஆம் ஆண்டில் இரத்தப் புற்றுநோயால் 23 வயதிலே மறைந்தார். அடுத்து வந்தவர் புளொயிட் லிற்றில். இம்மூவரின் நினைவால் அச்சர்வகலாசாலையின் அஞ்சற் குறியீடும் 13244 என முடிகின்றது. 2005ஆம் ஆண்டில் அவ்விலக்கத்துக்கு ஓய்வளித்தனர்.

இவ்விரு நெறிகளுக்குமிடையே தடுமாறிய கல்லூரியும் உண்டு. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்ட் போர்ட், 1930களின் தொடக்கத்தில் மிச்சிகனுக்காக 48ஐ அணிந்து ஆடியவர். 1994ஆம் ஆண்டில் அதற்கு ஓய்வளித்தனர். 2011இல் தொடங்கிய புதுத் திட்டத்தின்கீழ்ப் பழைய இலக்கங்களை இளையோருக்கு வழங்கத் தலைப்பட்டு, 2012இல் 48ஐயும் கொடுத்தனர். 2015இல் அத்திட்டத்தையே கைவிட்டனர்.

மிசிசிப்பி சர்வகலாசாலையின் 38 நம் உள்ளத்தை உருக்குவது. 1989ஆம் ஆண்டு ஆட்டமொன்றிலே எதிராளியை மோதித் தடுத்த சக்கி மலின்ஸ் என்ற இளைஞர் கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தார், 1991இல் இறந்தார். அவர் பெயராலமைந்த துணிவுப் பரிசைப் பெறும் தடுப்பு வீரருக்கு ஆண்டுதோறும் 38ஐ அணியும் பேறு கிட்டியது. 2006இல் அதற்கு ஓய்வளித்த சர்வகலாசாலை, 2011இல் மனம் மாறி மீண்டும் வழங்கலாயிற்று. பூட்டிய சட்டையினும், ஒருவர் தோளிலேறி ஓடும் சட்டையே அவரை நினைவூட்டும் எனக் கருதினர் போலும்.

ரெக்சாஸ் ஏ அன்ட் எம் கல்லூரியின் 12ஐயும் ஈண்டு குறித்தல் தகும். 1922ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், கிங் கில் என்ற மாணவர் செய்தியாளர் கூடத்திலிருந்து ஆட்டக்காரரை அடையாளங் காட்டிக்கொண்டிருந்தார். அணியினர் பலர் காயமுற்றமையால் பயிற்சியாளர் அவரை அழைத்தார். அவர் உடையணிந்து ஓரத்தில் ஆயத்தமாய் நின்றார். களமிறங்கத் தேவை ஏற்படவேயில்லை. ஆடாத அவர் நினைவாக, புலமைப்பரிசிலின்றிச் சேர்ந்த ஒருவருக்கு 12ஐ அளிக்கும் வழக்கம் அங்கே நிலைபெற்றுள்ளது.

புகழ்பெற்றோர்க்கெல்லாம் இலக்கத்தைப் பூட்டிக்கொண்டே போனால், இனி வருவோர்க்கு எஞ்சுவது குறையும். பகிர்வோர் தொகையும் பெருகும். நோற்ரடேம் சர்வகலாசாலை எவ்விலக்கத்துக்கும் ஓய்வளிப்பதில்லை என்ற கொள்கையுடையது. அதனால் அங்கு பழைய வீரர் மறக்கப்பட்டதுமில்லை. நட்சத்திர வீரரின் இலக்கத்தையே தானும் அணிந்து, ஆண்டு முழுதும் ஓரத்தில் நின்று, அவர் இறங்கிய பின்னர் ஒருசில நிமிடம் களங்காணும் பெயரறியா மாணவனும் அக்கல்லூரியின் பிள்ளையே. பொதுச் சொத்தாகிய ஓரிலக்கம் அவனுக்கும் ஒரு பங்கு உரித்தென்பதை மறவாத கல்லூரியே, விளையாட்டைக் கல்வியின் கூறாகக் கொண்ட கல்லூரியாகும்.