நான்கு பைட்டில் நின்ற பொறி

கணிப்பொறி திடீரென உறைந்து நின்றால் நாம் யாரைக் குறை கூறுகிறோம்? முதலில் அதில் ஓடும் நிரலை; அடுத்து இயக்கு தளத்தை. பொறியின் உள்ளே இருக்கும் சில்லின் மேல் ஐயங்கொள்வோர் அரியர். ஆயின், சில்லே குற்றவாளி என்று 1997 நவம்பரில் ஐயமற நிறுவப்பெற்றது. அவ்வரலாறே இன்று யான் கூற வந்தது.

இண்டெல் நிறுவனம் 1993 மார்ச்சு மாதத்தில் பெண்டியம் என்னும் செயலியை வெளியிட்டது. அதன் ஆக்கத்தில் முன்னின்றவருள் புனாவில் பிறந்த வினோத் தாம் ஒருவர். அச்செயலியின் வகுத்தல் கணக்கில் பிழையுண்டென்பதை 1994-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி வெளிப்படுத்தினார். அதன் பொருட்டு நிறுவனம் ஒதுக்க நேர்ந்த தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர். அவ்வடு மறையுமுன் இரண்டாவது குறை வெளிப்பட்டது.

அது நான்கே பைட்டு நீளமுள்ள ஒரு கட்டளை. பதினாறு இலக்கங்கள் கொண்ட எண்முறையில் எஃப் பூச்சியம், பூச்சியம் எஃப், சி ஏழு, சி எட்டு என அதனை எழுதுவர். லினக்சு ஆயினும் விண்டோசு ஆயினும், பெண்டியத்தில் இக்கட்டளை ஓடிய கணமே பொறி உறைந்தது. அதே இயக்கு தளங்கள் 486-இலும் பெண்டியம் புரோவிலும் பழுதின்றி நடந்தன. ஆகவே குற்றம் தளத்திலில்லை என்பது தெளிவு. சோதனைச்சாலையில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக என்று ஆசிரியர்கள் ஓயாது வற்புறுத்துவது இதற்காகவே அன்றோ!

உறைந்த காரணம் யாது? நினைவகத்தில் உள்ள எட்டு பைட்டுகளை ஒப்பிட்டு மாற்றுவது அக்கட்டளையின் வேலை. அதன் முன்னே நிற்கும் 'பூட்டு' என்னும் குறி, வேலை முடியும்வரை வேறெவரும் நினைவகத்தைத் தொடலாகாது என்று விலக்கும். இங்கோ, நினைவக முகவரிக்கு மாறாகச் செயலியின் சொந்தப் பதிவகம் ஒன்று சுட்டப்பட்டிருந்தது. இது செல்லாத கட்டளை. செல்லாத கட்டளை வந்தால், இடையூறுகளுக்கான அட்டவணையின் ஏழாம் பதிவைப் படித்து அதன்படி நடத்தல் முறை. பெண்டியம் அதைப் படித்தது. ஆனால் பூட்டைக் கழற்றாமலே படித்தது. பூட்டிப் படித்தபின் எழுதினாலன்றிப் பூட்டு நீங்காது, எழுதுவதற்கோ ஒன்றுமில்லை. வாராத எழுத்துக்காகச் செயலி காத்தே நின்றது. மீட்டமைப்புப் பொத்தானை அழுத்துவதன்றி வேறு வழியில்லை.

இதிலுள்ள அச்சம் சிறிதன்று. பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கல்லூரிப் பொறியொன்றை, யாதோர் உரிமையும் இல்லாத ஒரு மாணவன் நான்கு பைட்டால் முடக்கிவிடலாம்.

இம்முறை சில்லை மாற்றாமலே பரிகாரம் கண்டனர். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதன் பயனை, 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தில் சேர்ந்த எங்கள் திருத்தணியில் எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை. நினைவகமும் 4096 பைட்டு கொண்ட பக்கங்களாக எல்லையிடப்பட்டது. அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் எட்டு பைட்டு. முதல் ஏழு பதிவுகள், அதாவது 56 பைட்டு, ஒரு பக்கத்தின் கடைசியிலும் ஏனையவை அடுத்த பக்கத்திலும் அமையுமாறு அட்டவணையை நகர்த்தினர். பின்பு முதற்பக்கம் 'இல்லை' என்று குறித்துவிட்டனர். இப்பொழுது ஏழாம் பதிவைத் தேடும் செயலி, பக்கமே இல்லை என்ற வேறோர் இடையூற்றை முதலில் சந்திக்கும். பூட்டிய படிப்பு நிகழாது. அவ்விடையூற்றுக்குரிய பதினைந்தாம் பதிவு மறுபக்கத்தில் பத்திரமாக உள்ளது. இயக்கு தளம் நடந்ததை உணர்ந்து, குற்றமிழைத்த நிரலை மட்டும் நிறுத்தும். முதல் ஏழு பதிவுகளைத் தேடும்போதெல்லாம் சற்றே சுற்றி வர நேர்வது இதற்குரிய விலை. மலிவான விலை என்பதே என் கருத்து.

லினக்சு ஆர்வலர் இத்தகைய திருத்தத்தைச் சில நாட்களிலேயே வெளியிட்டனர். 32 பிட்டு லினக்சு ஓடும் பழம்பொறி எங்கேனும் கிடைப்பின், அதன் செயலி விவரக் கோப்பைத் திறந்து பாருங்கள். இப்பிழையின் பெயரும், அதற்கெதிரே உண்டு அல்லது இல்லை என்ற விடையும் அங்கே ஒரு வரியாக இருக்கும்.