பனியில்லா மலையும் பனிச்சறுக்கும்

மூணாற்றுப் பக்கம் குடியிருக்கும் நம் சங்கத்தார்க்கு உறைபனி புதிதன்று. சனவரித் திங்களின் விடியலில் புல்வெளி வெள்ளாடை போர்த்தாற்போல் தோன்றுவதும், வெயில் ஏறியபின் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடப்பதும் அவர்கள் கண்டு வருந்திய காட்சிகள். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே வெப்பநிலை சுழிக்கும் கீழே இறங்கியது. ஆயினும் அது புல் நுனியில் படியும் பனியே. வானிலிருந்து பொழிந்து முழங்காலளவு குவியும் வெண்பனி அன்று. பாலக்காட்டில் குடியேறிய நம்மவர்க்கோ அதுவும் இல்லை; கணவாய்க் காற்றும் பங்குனி வெயிலுமே உண்டு. இத்தகைய நிலத்தில் வாழும் நமக்குப் பனிச்சறுக்கின் வரலாறு எதற்கு என்று கேட்பார் இருக்கலாம். அது பனி பெய்யும் நாட்டாரின் கதை மட்டும் அன்று என்பதே விடை.

பனிச்சறுக்கைச் செல்வர் விளையாட்டு என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். பிறப்பால் அது உழைப்பாளியின் கருவி. சுவீடன் நாட்டுக் கால்வ்திரெஸ்க் என்னும் இடத்தில் கிடைத்த சறுக்குக்கட்டை ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடையது. வேட்டைக்கும் விறகுக்கும் பனியைக் கடந்து போக வேண்டிய மக்கள் கண்ட கருவி அது. வெறுங்காலால் பனியில் நடந்தால் கால் புதையும். உடலின் பாரத்தை நீண்ட பலகையின்மீது பரப்பினால் புதையாது. கட்டை பனியில் வழுக்கிச் செல்லும்போது உராய்வினால் மெல்லிய நீர்ப்படலம் தோன்றி வழியை எளிதாக்குகிறது. பாக்குமட்டையில் தம்பியை உட்காரவைத்து இழுத்து விளையாடிய நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை!

சமநிலத்திலும் மேட்டிலும் என் செய்வது? கட்டை பின்னோக்கி வழுக்குமன்றோ? அதற்கும் அம்மக்கள் வழி கண்டனர். கட்டையின் அடியில் விலங்கின் தோலை, மயிர் பின்னோக்கிச் சாயுமாறு பொருத்தினர். முன்னே செல்கையில் மயிர் படிந்து வழுக்கும். பின்னே நழுவினால் சிலிர்த்துப் பனியைப் பற்றும். சீனத்தின் வடமேற்கிலுள்ள அல்தாய் மலைமக்கள் இன்றும் குதிரைத்தோல் பொருத்திய கட்டைகளைச் செய்கின்றனர். சுவீடன் முதலிய வடநாடுகளிலோ ஒரு காலுக்கு நெடுங்கட்டையும் மறுகாலுக்குத் தோல் பொருத்திய குறுங்கட்டையுமாக அணிந்து, குறுங்கட்டையால் உந்தி நெடுங்கட்டையால் வழுக்கிச் சென்ற காலமும் உண்டு.

இக்கருவியை விளையாட்டாக உயர்த்தியவருள் தலையாயவர் நார்வே நாட்டு மோர்கெடால் என்னும் சிற்றூரின் சோன்ட்ரெ நூர்ஹைம் ஆவார். 1825இல் பிறந்த அவர் சொந்த நிலமற்ற ஏழைக் குடியானவர். அதுவரை பாதத்தின் முன்பகுதியை மட்டுமே கட்டையோடு பிணைப்பது வழக்கம். அவரோ முறுக்கிய மரக்கொடியைக் குதிகாலைச் சுற்றியும் கட்டினார். அச்சிறு கட்டினால் தாவவும் திரும்பவும் முடிந்தது. 1868இல் தலைநகர்ப் போட்டியில் நகரத்தார் வியக்க வென்றார். வென்ற பின்னும் வறுமை விடவில்லை. 1884இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897இல் வட டக்கோட்டாவின் சமவெளியில் மறைந்தார். நெடுங்காலம் அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இச்செய்தி எளிதில் கடந்துபோகக் கூடியதன்று.

நான்சென் என்பார் 1888இல் ஐவர் துணையோடு சறுக்கிக் கிரீன்லாந்தைக் கடந்தபின் இக்கலை உலகெங்கும் பரவிற்று. 1920களில் கட்டையின் ஓரத்தில் எஃகு விளிம்பு ஏறிற்று. 1950 அளவில் அமெரிக்க விமானப் பொறியாளர் ஓவர்டு எட் அலுமினியத் தகட்டால் கட்டை செய்தார். பின்னர்ப் பிளாஸ்டிக் காலணி வந்தது. கருவி செம்மையுற்றது, விலையும் ஏறிற்று. ஏழையின் கண்டுபிடிப்பு ஏழைக்கு எட்டாததாயிற்று.

நம் நாட்டில் 1927இல் காசுமீரத்துக் குல்மார்க்கில் சறுக்குச் சங்கம் கண்டவர்கள் ஆங்கிலப் படை அதிகாரிகளே. இன்றோ அங்குக் கம்பிவட ஊர்தி ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. அவ்வட்டாரத்தில் பிறந்த ஆரிஃப் கான், 2022 பெய்சிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்று, பெருஞ்சறுக்குப் போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். அவர் தந்தை குல்மார்க்கில் சறுக்குக் கருவிக்கடை வைத்திருந்தவர். கட்டை கைக்கெட்டியதால் கால் பழகிற்று என்பது என் துணிபு.

பனியில்லா நாடுகள் என் செய்கின்றன? நம் உறவினர் பலர் உழைக்கும் துபாயில் 2005இல் கட்டடத்துக்குள்ளேயே பனிமலை அமைத்து, 400 மீட்டர்ச் சரிவு இறக்கினர். வெளியே பாலை கொதிக்க உள்ளே குளிர் காப்பதற்கு ஆகும் மின்செலவை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. ஆயினும் கூட்டம் குறைந்தபாடில்லை. ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மலைநாட்டில் 3,000 மீட்டர் உயரத்தில் சறுக்குகின்றனர். நமீபியாவில் மணற்குன்றே சரிவாகிறது. இவற்றினும் எளியது சக்கரச் சறுக்குக்கட்டை. குறுகிய சட்டத்தின் இரு முனையிலும் சக்கரம்; கையில் இரு கோல்; தார்ச்சாலையே களம். பனியில்லாத மாதங்களில் ஐரோப்பிய வீரரும் இதிலேதான் பழகுகின்றனர்.

பனிநாடுகளுக்கும் இனி இது வேண்டியிருக்கும். 2024 சனவரியில் குல்மார்க் வெறுந்தரையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய குளிர்கால விளையாட்டுகள் பனியின்மையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் வடபால் உள்ளது குடகு. காப்பியும் மிளகும் விளையும் அம்மலையிலும் வெண்பனி பெய்வதில்லை. அங்குப் பிறந்த பவானி தெக்கடா என்னும் பெண்மணி சமநிலப் பனிச்சறுக்கில் உலகப் போட்டிகளில் இந்தியாவுக்காகப் பங்கேற்று, 2025இல் சிலி நாட்டில் நடந்த பன்னாட்டுப் போட்டியொன்றில் வெண்கலப் பதக்கம் பெற்றார். நமக்குக் கோடையும் மழையுமாகக் கழியும் திங்களில் நிலவுலகின் தென்பாதியில் குளிர்காலம். அதனால்தான், பனியைத் தேடி அத்தனை தொலைவு செல்லவேண்டியிருந்தது.